அமெரிக்காவில் குளிர்காலத்தில் காட்டு வான்கோழி வேட்டை எப்படி இருக்கும்? வேலை விசாவில் இருக்கும் நம்மவர்கள் போகலாமா?

நான் வர்ஜீனியாவில் இருக்கிறேன். ஜனவரியில் வரும் வான்கோழி சீசனுக்கு ப்ளூ ரிட்ஜ் மலையடிவாரக் காடுகளுக்குப் போகிற வழக்கம் உண்டு. விசா பற்றிய கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் வேட்டை.

யூடியூபில் நீங்கள் பார்த்திருக்கும் வான்கோழி வேட்டை பெரும்பாலும் ஏப்ரல், மே மாதத்தது. சேவல் தோகையை விரித்துக்கொண்டு, தலை சிவப்பும் நீலமுமாகக் கத்திக்கொண்டே வரும். வேட்டைக்காரர் பெட்டை மாதிரி குரல் கொடுப்பார், அது மயங்கி வந்து நிற்கும். குளிர்காலத்தில் இதெல்லாம் கிடையாது. இணை தேடும் காலம் இல்லை என்பதால் பெட்டையின் குரலைச் சேவல் கண்டுகொள்வதே இல்லை. முதிர்ந்த சேவல்கள் தனிக் கூட்டமாகத் திரியும். தாய்க் கோழிகள் அந்த வருடத்துக் குஞ்சுகளோடு வேறு கூட்டமாக இருக்கும், இரண்டு மூன்று குடும்பங்கள் ஒன்றாகச் சேர்ந்து அலைவதும் உண்டு. குளிர்காலத்தில் கூட்டத்தை விட்டுப் பிரிந்தால் அந்தப் பறவைக்கு இருப்புக்கொள்ளாது. வேட்டை முழுக்க அந்த ஒரு குணத்தை நம்பித்தான் நடக்கிறது. கூட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், நாலா பக்கமும் சிதறடிக்க வேண்டும், அப்புறம் சிதறிய இடத்திலேயே உட்கார்ந்து அவற்றின் பாஷையில் கூப்பிட வேண்டும்.

சீசன் ஏன் இவ்வளவு குறுகியது என்று புதிதாக வருபவர்கள் குறைபட்டுக்கொள்வார்கள். இங்கே இலையுதிர்கால சீசனே மான் வேட்டை நாட்களுக்கு முன்னும் பின்னுமாகத் துண்டு துண்டாகத்தான் வரும். ஜனவரியில் கிடைப்பது சில வாரங்கள், அதுவும் எல்லாக் கவுண்டிகளிலும் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) இல்லை. தேதி மாறும் என்பதால் ஒவ்வொரு வருடமும் மாநில வனவிலங்கு வளத்துறை வெளியிடும் விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம் பெட்டை. வசந்தகாலத்தில் தாடி உள்ள பறவையை மட்டும்தான் சுடலாம். தாடி என்பது நெஞ்சிலிருந்து தொங்கும் முடி போன்ற இறகுக் கொத்து, பெரும்பாலும் சேவலுக்குத்தான் இருக்கும். ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேரும் என்பதால் சில சேவல்கள் போனாலும் அடுத்த தலைமுறைக்குப் பெரிய பாதகமில்லை. இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் சேவல், பெட்டை எதையும் சுடலாம். ஒரு பெட்டை போனால் அது வசந்தத்தில் இட வேண்டிய பத்துப் பன்னிரண்டு முட்டைகளும் சேர்ந்து போகின்றன. 1990களின் முற்பகுதியில் வர்ஜீனியாவிலும் மேற்கு வர்ஜீனியாவிலும் பெட்டைகளுக்கு இருப்பிடம் காட்டும் ரேடியோ கருவி கட்டிப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். இலையுதிர்கால வேட்டை நீண்ட நாள் நடக்கும் பகுதிகளில் பெட்டைகள் பிழைத்திருப்பது குறைவு என்று தெரிந்தது. எனக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அதோடு, இது ஒருமுறை கையை விட்டுப் போன பறவை. காடுகளை வெட்டியதாலும் வரைமுறையில்லாமல் சுட்டதாலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மாநிலங்களில் அடியோடு இல்லாமல் போயிருந்தது. பண்ணையில் வளர்த்துக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். பண்ணைக் குஞ்சுக்குக் காட்டில் பிழைக்கத் தெரியவில்லை. 1950களில் சிறு பீரங்கிகளால் வலையை வீசி ஒரு கூட்டத்தையே மூடிப் பிடிக்கும் முறை வந்த பிறகுதான், காட்டுப் பறவையையே பிடித்து வேறு காட்டில் குடியேற்ற முடிந்தது. செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்றால், பெருமளவு வேட்டைக்காரர்களிடமிருந்துதான். 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா மீதான வரியை மாநில வனவிலங்குத் துறைகளுக்குத் திருப்பிவிட்டது. நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் அந்த வரி 11 சதவீதம், இன்றைக்கும் கட்டுகிறோம். 1973இல் தேசியக் காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு தொடங்கியதும் இதே வர்ஜீனியாவில், ஃபிரெடரிக்ஸ்பர்க் நகரில். இவ்வளவு பேர் பாடுபட்டுத் திரும்பக் கொண்டுவந்த பறவைக்காக எனக்குச் சில வாரங்கள் குறைந்தால் குறையட்டும்.

சரி, காட்டுக்குள் போவோம். ஜனவரியில் முக்கால்வாசி நேரம் நடைதான், கண் தரையில் இருக்க வேண்டும். வான்கோழி ஓக் கொட்டைகளுக்காகச் சருகைக் கீறும். ஒரு பெரிய கூட்டம் கடந்துபோன சரிவைப் பார்த்தால், முற்றத்தைச் சின்னப் பிள்ளை தாறுமாறாகப் பெருக்கிவிட்டுப் போனது போல இருக்கும். காலால் பின்பக்கமாக வாரித் தள்ளுவதால், சருகு குவிந்திருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்தான் கூட்டம் போன திசை. எப்போது போனது என்பதையும் தரையே சொல்லும். புரண்ட இலையின் அடிப்பக்கம் ஈரமாகக் கறுத்திருந்தால் இன்று காலை கீறியது. கீறிய வெற்று மண்ணில் உறைபனி படிந்திருந்தால் நேற்றைய வேலை, அங்கே நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். எச்சத்தையும் பார்க்க வேண்டும்: சேவலுடையது நீளமாக, நுனியில் கொக்கி போல வளைந்திருக்கும், பெட்டையுடையது சுருண்டு சிறு குவியலாக இருக்கும்.

பனி விழுந்த நாட்களில் நான் முதலில் ஊற்றுக் கசிவுகளைத்தான் தேடுவேன். மலைச்சரிவில் நிலத்தடி நீர் கசியும் இடம் கடும் குளிரிலும் உறையாது, சுற்றியிருக்கும் பனியும் கரைந்து கறுப்பு மண் தெரியும். மற்ற இடமெல்லாம் மூடிக் கிடக்கும்போது வான்கோழிக்குத் தீனி கிடைப்பது அங்கேதான். புதுப்பனி ஆழமாக விழுந்துவிட்டால் மரத்தை விட்டு இறங்காமல் நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கவும் அதனால் முடியும். அப்படிப்பட்ட நாட்களில் அவற்றைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது என் கருத்து. உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பை எரித்துத்தான் அது குளிரைத் தாங்குகிறது, நாம் விரட்டி அதைக் கரைக்க வேண்டியதில்லை.

கூட்டத்தைச் சிதறடிப்பது கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். வான்கோழி மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. எல்லாம் ஒரே பக்கமாக ஓடிவிட்டால் வேட்டை முடிந்தது, கூட்டம் உடையவே இல்லை, உங்கள் குரலுக்கு எதுவும் வராது. ஒவ்வொன்றும் வெவ்வேறு திசையில் பறந்தாக வேண்டும். அதற்குத்தான் நாய். வர்ஜீனியாவில் இலையுதிர், குளிர்கால வான்கோழி வேட்டைக்கு நாயைக் கொண்டுபோகலாம், பழைய காலத்து வழக்கம். பல மாநிலங்களில் அனுமதி இல்லை.

எனக்கு இந்த வேட்டையைக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து ஊர்ப் பெரியவர், ஓய்வு பெற்ற மரவேலைக்காரர். அவரிடம் டெய்சி என்று ஒரு பெண் நாய். மோப்பம் பிடித்து எங்கள் கண்ணுக்கு மறைவாகப் போய்விடும். கூட்டத்தைக் கண்டதும் நடுவில் பாய்ந்து ஓயாமல் குரைக்கும். அந்தக் குரைப்பு வந்த இடம்தான் நாங்கள் உட்கார வேண்டிய இடம். அதற்குப் பிறகு அந்த நாய் செய்வதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். பெரியவர் காட்டு நிறத் துணிப் பை ஒன்றை விரிப்பார், டெய்சி தானாகவே அதற்குள் நுழைந்து தலையை மட்டும் வெளியே வைத்து அவர் தொடையை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். பறவை பத்தடி தூரத்தில் நடந்து வந்தாலும் அசையாது, குரல் எழுப்பாது. உடம்பு மட்டும் நடுங்கிக்கொண்டே இருக்கும். குளிரா ஆசையா தெரியாது, பைத் துணி விடாமல் அதிர்வதைப் பக்கத்திலிருந்தே பார்க்கலாம்.

பிறகு காத்திருப்பு. தாயும் குஞ்சுகளுமான கூட்டம் என்றால் அரை மணி, ஒரு மணி நேரத்தில் சேரத் தொடங்கும். முதிர்ந்த சேவல்கள் அவசரப்படாது, மறுநாள் வரைகூட ஆகலாம். வழிதவறிய குஞ்சு மூன்று விசில் அடித்துப் பின் கரகரப்பாக அழைக்கும், அதைத்தான் நாமும் வாயில் வைக்கும் சவ்வுக் கருவியால் செய்கிறோம். ஜனவரிக்குள் குஞ்சுகள் வளர்ந்து குரல் உடையத் தொடங்கியிருக்கும் என்பதால் சுத்தமான விசிலை விடக் கொஞ்சம் பிசிறடிக்கும் குரலுக்குத்தான் நல்ல பதில் வருகிறது. சிலர் மரப்பெட்டிக் கருவி வைத்திருப்பார்கள், ஈரம் பட்டால் அது ஊமை. பதிவு செய்த குரலை மின்கருவியில் போடுவதும், தீனி இறைத்து வரவழைத்துச் சுடுவதும் இங்கே சட்டப்படி குற்றம்.

காட்டில் முதலில் ஒரு பதில் குரல் கேட்கும். அப்புறம் இன்னொரு பக்கத்திலிருந்து ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு நெருங்கி வரும். வான்கோழியின் கண் அபாரமானது, கண் சிமிட்டுவதைத் தவிர வேறு அசைவு கூடாது. துப்பாக்கி ஏற்கனவே முழங்கால் மேல் இருக்க வேண்டும். நான் வைத்திருப்பது பன்னிரண்டு கேஜ் ஷாட்கன். நாற்பது கெஜத்துக்கு மேல் சுடவே கூடாது, முப்பதுக்குள் வந்தால்தான் நான் யோசிப்பேன். குறி தலைக்கும் கழுத்துக்கும், உடம்புக்கு அல்ல. உடம்பில் சுட்டால் அடிபட்ட பறவை ஓடி ஒளிந்து வேதனையில் சாகும்.

எதைச் சுடுவது என்பதில் எனக்கென்று ஒரு விதி இருக்கிறது. சேவலின் நெஞ்சு இறகு நுனி கறுப்பு, பெட்டையுடையது வெளிர் பழுப்பு. அந்த வருடத்து இளம் சேவலுக்கும் இந்த வித்தியாசம் ஜனவரியில் தெளிவாகத் தெரியும். நெஞ்சு கறுப்பாகத் தெரிந்தால் மட்டும் சுடுவேன், சட்டம் பெட்டைக்கு அனுமதி கொடுத்தாலும் சுடுவதில்லை. கூட்டத்தைத் திரும்பச் சேர்ப்பது பெரும்பாலும் தாய்க் கோழிதான். அதை எடுத்துவிட்டால் மிச்சக் குளிர்காலத்தைக் குஞ்சுகள் வழிகாட்ட ஆளில்லாமல் கழிக்க வேண்டும்.

பாதுகாப்பு பற்றி ஒன்றிரண்டு. சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் உடம்பில் எங்கேயும் தெரியக் கூடாது, சேவல் தலையின் நிறங்கள் அவை. தோளை விட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். வான்கோழிக் குரல் கேட்ட திசைக்குப் பதுங்கிப் போகாதீர்கள், அங்கே இருப்பது இன்னொரு வேட்டைக்காரராக இருக்கலாம். யாராவது வருவது தெரிந்தால் கையை அசைக்காமல் சத்தமாகப் பேசுங்கள். சுட்ட பறவையை ஆரஞ்சுத் துணியில் சுற்றித்தான் தூக்கி வர வேண்டும்.

கறியைப் பற்றியும் கேட்பீர்கள். கடையில் விற்கும் வெள்ளை வான்கோழியை நினைத்துக்கொண்டு முழுசாக வாட்டினால் காய்ந்துபோகும், காட்டுப் பறவையில் கொழுப்பு அவ்வளவு குறைவு. நெஞ்சுக் கறியை மெல்லிசாக அரிந்து மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுப்போம். தொடையில் நரம்பு நரம்பாக இருக்கும், அதைக் குக்கரில் நன்றாக வேகவிட்டுக் குழம்பு வைத்தால்தான் பதம் வரும். சுத்தம் செய்யும்போது கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையைத் திறந்து பார்ப்பது என் வழக்கம். முழுசு முழுசாக ஓக் கொட்டைகள், டாக்வுட் மரத்தின் சிவப்புப் பழம், சில சமயம் குட்டி நத்தைகூட இருக்கும். அடுத்த நாள் எந்தச் சரிவுக்குப் போகலாம் என்று அதை வைத்தே முடிவு செய்யலாம். மீதிக் கறியை நண்பர்களுக்குக் கொடுக்கலாம், விற்கக் கூடாது.

இனி விசா. வேலை விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்க மத்தியச் சட்டத்தின் பொது விதி. ஆனால் ஏதாவது ஒரு மாநிலம் முறைப்படி கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. ஆகவே போகலாம். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடையே இல்லை. மாநிலச் சட்டங்கள் தனி என்பதால் துப்பாக்கி வாங்குவதற்கு முன் ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள், குடியேற்ற விஷயத்தில் துப்பாக்கிச் சிக்கல் சின்னதாக முடியாது. உரிமத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்ப்பதுகூட வேண்டாம்.

வர்ஜீனியாவில் முதன்முறையாக வருபவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்து உரிமம் எடுக்கலாம். அல்லது பயிற்சி உரிமம் எடுத்து, உரிமம் உள்ள பெரியவர் ஒருவர் கூடவே இருக்கப் போகலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அடிப்படை வேட்டை உரிமம், மான் மற்றும் வான்கோழிக்கான உரிமம் இரண்டும் தனித்தனி, இரண்டும் வேண்டும். தேசியக் காட்டுக்குப் போனால் அதற்கான அனுமதிச் சீட்டும் வேண்டும். பறவை கிடைத்தால் அன்றே வனவிலங்குத் துறையின் செயலியிலோ தொலைபேசியிலோ பதிவு செய்து உறுதி எண் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வருட சீசன் எத்தனை நாள் என்று முடிவு செய்பவர்கள் பார்ப்பதில் அந்தக் கணக்கும் உண்டு.