பழைய கணினி, புதிய பதிப்பு: கேள்வி உங்களுடையது, பதில் சுங்கை சிப்புட் அக்காவுடையது

இந்த மாதம் தபாலிலும் புலனத்திலும் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பழைய வீட்டுக் கணினிகளைப் பற்றியவை. சுங்கை சிப்புட்டில் என் கடை மேசையிலும் அதே கதைதான். தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில், துண்டில் சுற்றி, மழைக்கு மேலே பிளாஸ்டிக் பையும் போட்டுக் கொண்டுவருகிறார்கள். "இது இனி தேறுமா?" என்பதுதான் முதல் கேள்வி. பெரும்பாலும் தேறும். அதனால் இந்த இதழை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

அக்கா, எங்கள் வீட்டில் இருப்பது விண்டோஸ் 7 கணினி. தம்பி மகள் கல்யாணப் படங்களைப் படம் எடுத்தவர் ஒரே கோப்பாகச் சுருக்கி அனுப்பினார். திறந்தால் 'கேன் நாட் ஓப்பன் ஃபைல் ஆஸ் ஆர்க்கைவ்' என்று வருகிறது. ஒரு கடையில் கேட்டேன். கணினி பழசாகிவிட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார்கள். வாங்கித்தான் ஆக வேண்டுமா?
*இல்லத்தரசி, பாகான் செராய்*

வேண்டாம் சகோதரி. ஒரு காசு செலவில்லாமல் சரி செய்யலாம்.

நீங்கள் எழுதியிருக்கும் வாசகம் செவன்-ஸிப் என்ற சின்ன நிரல் காட்டுவது. சுருக்கிய கோப்புகளைப் பிரிப்பதுதான் அதன் வேலை. அதைத் திறந்து, மேலே 'ஹெல்ப்' பட்டியலில் 'அபவுட்' என்பதை அழுத்துங்கள். 9.20 என்று இருக்கும் என்பது என் ஊகம். அது 2010 நவம்பரில் வந்த பதிப்பு. என் கடைக்கு வரும் பழைய கணினிகளில் இன்றும் அதைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஒருமுறை போட்டதோடு சரி, அப்புறம் யாரும் அதைத் தொடுவதில்லை.

படம் எடுத்தவர் அனுப்பியது அநேகமாக ஆர்ஏஆர் வகைக் கோப்பு. அந்த வகையின் உள்ளமைப்பை 2013-இல் மாற்றிவிட்டார்கள். கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் மூன்று எழுத்து அப்படியேதான் இருக்கிறது, உள்ளே கட்டியிருக்கும் விதம் வேறு. 2010-இல் எழுதிய நிரலுக்கு 2013-இல் செய்த பூட்டு எப்படித் தெரியும்? செவன்-ஸிப்பில் அதைத் திறக்கும் வசதி 2015-இல்தான் சேர்ந்தது. ஆக, பழசானது உங்கள் கணினி இல்லை. அதற்குள் இருக்கும் ஒரே ஒரு நிரல்.

புதிய பதிப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். முகவரியில் முதலில் 7, அப்புறம் ஒரு சின்னக் கோடு, ஸிப், புள்ளி, ஓ-ஆர்-ஜி. அந்தக் கோட்டை விட்டுவிடாதீர்கள்; விட்டால் வேறு யாருடைய தளத்திலோ போய் நிற்பீர்கள். அங்கே 64-பிட்டுக்கு ஒன்று, 32-பிட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். 'கம்ப்யூட்டர்' சின்னத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி 'ப்ராப்பர்ட்டீஸ்' போனால், 'சிஸ்டம் டைப்' என்ற வரியில் உங்களுடையது எது என்று தெரியும். இரண்டு மெகாபைட்கூட வராது. கைப்பேசி இணையத்திலேயே இறக்கிவிடலாம். விண்டோஸ் 7 என்ன, எக்ஸ்பியிலும் இது ஓடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இணையத்திலிருந்து வரும் கோப்புக்கு விண்டோஸ் ஒரு மறை அடையாளம் வைக்கும். 'இது வெளியிலிருந்து வந்தது, பார்த்துத் திற' என்று எச்சரிக்கை வருவது அதனால்தான். சுருக்கிய கோப்பைப் பிரிக்கும்போது அந்த அடையாளம் உள்ளே இருப்பவற்றுக்கும் போய்ச் சேர வேண்டும். அதில் ஓர் ஓட்டை இருந்தது. 2024 நவம்பரில் வந்த 24.09-இல்தான் அதை அடைத்தார்கள். அதனால் 24.09-க்குக் கீழே எதையும் வைத்திருக்காதீர்கள். பழைய 9.20-ஐப் போல இல்லாமல், புதிய பதிப்புகளில் எண்ணைப் பார்த்தாலே ஆண்டு தெரிந்துவிடும்: 16 என்றால் 2016, 24 என்றால் 2024.

இந்த நிரல் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது, புதியது வந்திருக்கிறது என்று சொல்லவும் சொல்லாது. நாமே போய்ப் பார்க்க வேண்டும். சித்திரைப் புத்தாண்டுக்கு ஒருமுறை, தீபாவளிக்கு ஒருமுறை என்று நான் வழக்கமாக வைத்திருக்கிறேன். வீடு துடைக்கிற நாளில் இதற்கும் ஐந்து நிமிடம் கொடுங்கள்.

அக்கா, தாத்தாவின் பழைய கணினியில் எந்தத் தளத்துக்குப் போனாலும் 'யுவர் கனெக்‌ஷன் இஸ் நாட் பிரைவேட்' என்று வருகிறது. எதையும் இறக்கிப் புதுப்பிக்க முடியவில்லை. வைரஸா?
*படிவம் நான்கு மாணவன், கூலிம்*

தம்பி, முதலில் திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பார். 2009 என்றோ 2012 என்றோ காட்டுகிறதா? காட்டினால் அது வைரஸ் இல்லை, பேட்டரி. கணினி அணைந்திருக்கும்போதும் தேதியைக் காத்து வைக்கும் சின்னப் பேட்டரி தீர்ந்துவிட்டது.

ஒவ்வொரு பாதுகாப்பான தளமும் ஒரு சான்றிதழைக் காட்டும். இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும். உன் கணினியின் நாட்காட்டி 2009-இல் நின்றால், இந்த ஆண்டுச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று அது முடிவு செய்துவிடும். கதவைத் திறக்காது.

மேசைக் கணினி என்றால் நீயே மாற்றலாம். மின்செருகியைக் கழற்று. பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடி. பக்கத் தகட்டைத் திறந்து, இரும்புச் சட்டத்தை ஒருமுறை தொட்டுக்கொள். பெரிய பச்சைப் பலகையில் 20 காசு அகலத்தில் வெள்ளியாக ஒன்று மின்னும். மேலே சிஆர்2032 என்று பொறித்திருக்கும்: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன் என்று அர்த்தம். அதன் ஓரத்தில் நகம் போல ஒரு கம்பி பிடித்துக்கொண்டிருக்கும். அதை வெளிப்பக்கமாக மெதுவாகத் தள்ளினால் பேட்டரி ஒரு பக்கம் தானாக எம்பி வரும். நெம்பி எடுக்காதே, கம்பி உடைந்தால் பலகையே போய்விடும். புதியதைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி அழுத்து. சில வெள்ளிதான், கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். அப்புறம் கணினியைப் போட்டுத் தேதியைச் சரி செய்.

மடிக்கணினி என்றால் உள்ளே வேறு மாதிரி இருக்கும், கடைக்குக் கொண்டு போ.

தேதி சரியாக இருந்தும் அதே செய்தி வந்தால் உலாவி பழையதாக இருக்கலாம். விண்டோஸ் 7-க்கு வந்த கடைசி குரோம் 109, அது 2023-ஆம் ஆண்டுக்கானது. விண்டோஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு நான் போட்டுக் கொடுப்பது ஃபயர்பாக்ஸ் 115, நீண்டகால ஆதரவுப் பதிப்பு. குரோமை நிறுத்திய பிறகும் பழைய விண்டோஸுக்கென்று அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கொடுத்தார்கள். அந்த மனசுக்கு நான் நன்றி சொல்வேன்.

கோயில் அலுவலகத்தில் விண்டோஸ் எக்ஸ்பி கணினி ஒன்று இருக்கிறது. அர்ச்சனைச் சீட்டும் நன்கொடை ரசீதும் அடிக்கிற நிரல் அதில் மட்டும்தான் ஓடுகிறது; டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறியும் அதோடுதான் சேரும். இளைஞர் பிரிவுத் தம்பி ஒருவர் இணையம் கொடுத்து எல்லாவற்றையும் புதுப்பிக்கலாம் என்கிறார். செய்யலாமா?
*கோயில் செயலாளர், தாப்பா*

செய்யாதீர்கள் ஐயா. தம்பியின் ஆர்வம் நல்லதுதான், ஆனால் இந்த இடத்தில் வேண்டாம்.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் முடிந்துவிட்டது. 2017 மே மாதம் 'வானாகிரை' என்ற நிரல் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது, மைக்ரோசாஃப்ட் விதிவிலக்காக எக்ஸ்பிக்கும் ஒரு திருத்தம் கொடுத்தது. அதற்காக எக்ஸ்பியை இன்று இணையத்தில் விடலாம் என்று ஆகாது. இணையம் இல்லாமல் ரசீது அடிக்கும்வரை அந்தக் கணினிக்குப் பெரிய ஆபத்து வெளியிலிருந்து வருகிற விரலி (பென்டிரைவ்) ஒன்றுதான். கோயிலுக்கென்று இரண்டு விரலி வாங்கி, சிவப்பு நூல் கட்டி, வேறு கணினியில் செருகாமல் வைத்திருங்கள்.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்து கணக்கு எழுதியதும் ரசீதுக் கோப்புகளை ஒரு விரலியில் நகல் எடுங்கள், அடுத்த வாரம் மற்றொன்றில். ஒன்று கோயிலில், ஒன்று உங்கள் வீட்டில். அப்புறம், நம் பேராக்கில் பிற்பகலானால் இடிதான். மின்செருகியைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டே வீட்டுக்குப் போங்கள். சுவிட்சை அணைத்தது போதும் என்று விட்டு, இடியில் போன பலகைகள் என் கடையில் ஒரு பெட்டி நிறையக் கிடக்கின்றன.

'உங்கள் கணினியில் 27 டிரைவர்கள் பழையவை, உடனே புதுப்பிக்கவும்' என்று அடிக்கடி ஒரு சன்னல் வருகிறது. பணம் கேட்கிறது. கட்டலாமா?
*தாதி, ஈப்போ*

கட்ட வேண்டாம். அந்த நிரலையே நீக்குங்கள். டிரைவர் என்பது ஒலி, அச்சுப்பொறி போன்றவற்றை விண்டோஸோடு பேச வைக்கும் சின்ன நிரல். நன்றாக ஓடுகிற பழைய கணினிக்குப் புதிய டிரைவர் தேவையில்லை. மாற்றினால் ஒலி போய்விட்டது, அச்சுப்பொறி தெரியவில்லை என்று வருகிறவர்கள்தான் அதிகம்.

துப்புரவு நிரல்களிலும் கவனம் வேண்டும். 2017 ஆகஸ்டில் வந்த சிகிளீனர் 5.33-இன் 32-பிட் பதிப்பில், தயாரித்த இடத்திலேயே யாரோ நுழைந்து கெட்ட நிரலைச் சேர்த்துவிட்டார்கள். ஏறத்தாழ 22 லட்சத்து 70 ஆயிரம் கணினிகளுக்கு அது போனது. செப்டம்பரில்தான் வெளியே தெரிந்தது, 5.34 என்ற அடுத்த பதிப்பில் நீக்கினார்கள். 32-பிட் என்றால் பெரும்பாலும் நம்மைப் போன்றவர்களின் பழைய கணினிகள்தான். இன்னொருவர் அனுப்புவதைத் திறக்கிற நிரல் எதுவோ, உலாவி, செவன்-ஸிப், ஆவணம் படிக்கும் நிரல், இவற்றைத்தான் புதிதாக வைத்திருக்க வேண்டும். துடைக்கிறேன், வேகப்படுத்துகிறேன் என்று வருபவை இல்லாமலே கணினி நன்றாக ஓடும்.

என் விண்டோஸ் 10 மடிக்கணினியை 11-க்கு மாற்றித் தருவதாகக் கடையில் சொல்கிறார்கள். 2013-இல் வாங்கியது. கொடுக்கலாமா?
*ஓய்வுபெற்ற கிராணி, பீடோங்*

விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை செயலியாவது வேண்டும், அது வந்ததே 2017-இல். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். உங்களுடையதில் முறைப்படி ஏறாது. குறுக்கு வழியில் ஏற்றுகிறார்கள், நான் ஏற்றித் தருவதில்லை. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தார்கள், அதில் சேருங்கள். அதற்குப் பின் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம், 4 ஜிபி நினைவகம் போதும்.

எதைச் செய்தாலும் யாரிடம் கொடுத்தாலும், நகல் எடுக்காமல் கொடுக்காதீர்கள். 2006-இல் எங்கள் வீட்டுக் கணினியை ஒரு கடையில் கொடுத்தேன். அப்பா லயத்து வாசலில் பால் வாளியோடு நிற்கும் படம், அம்மாவின் அடையாள அட்டைப் படம், எல்லாம் அதில் வருடி வைத்திருந்தேன். 'புதுப்பித்துவிட்டோம்' என்று திருப்பிக் கொடுத்தார்கள். திறந்து பார்த்தால் துடைத்த பலகை மாதிரி இருந்தது. அசல் படங்கள் முன்பே வெள்ளத்தில் போயிருந்தன. அந்த வருத்தத்தில்தான் நான் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டேன். இன்றும் வாடிக்கையாளரின் கணினியைத் தொடுவதற்கு முன் நகல் எடுத்து, அதை அவரையே திறந்து பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் திருகாணியைக் கழற்றுகிறேன்.

1998-இல் தட்டச்சு செய்த என் தமிழ்க் கட்டுரைகள் புதிய கணினியில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத் தெரிகின்றன. புதுப்பித்ததால் கெட்டுவிட்டனவா?
*ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சிலிம் ரிவர்*

கெடவில்லை ஐயா, அப்படியே இருக்கின்றன. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோட் பரவுவதற்கு முன், ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தன் விருப்பப்படி ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழை வைத்திருந்தது. நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு என்ற தமிழ் மென்பொருளைச் செய்ததால் நம்மிடம் அந்தக் காலத்துக் கோப்புகள் நிறையவே உண்டு. எந்த எழுத்துருவில் அடித்தீர்களோ அதுதான் சாவி. பழைய கணினி இன்னும் இருந்தால், சி-டிரைவில் விண்டோஸ், அதற்குள் ஃபான்ட்ஸ் என்ற அடைவு முழுவதையும் விரலியில் எடுத்து வையுங்கள். அந்தக் கணினியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், பழைய இரும்புக்காரரிடம் போடவும் வேண்டாம். எழுத்துரு கிடைத்தால் யூனிகோடுக்கு மாற்றும் நிரல் இருக்கிறது, ஒரு மாலையில் முடித்துவிடலாம்.

கட்டுரைகளில் ஒன்றின் முதல் பக்கத்தை, இப்போது தெரிகிற அதே குழப்பத்தோடு அச்சிட்டு இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். அந்தப் பக்கத்தில் எழுதியது என்ன என்று நினைவிருந்தால் கையால் கீழே எழுதுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்துவிடுவேன்.