பதிவேட்டில் நாற்பது, கையில் பத்து

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகன், அங்கே துப்பாக்கிக் கடைகளை அடிக்கடி சோதனை போட்டால்தான் கள்ளத் துப்பாக்கி குறையும் என்று பேசிக்கொள்வதாகச் சொல்கிறான். உரிமம் வாங்கி, வரி கட்டிக் கடை நடத்துகிறவன் எதற்குக் கள்ளத்தனம் செய்யப்போகிறான்? வேலூர் கலெக்டர் ஆபீஸில் ஆயுத உரிமம் பார்த்தவர் என்பதால் உங்களைக் கேட்கிறேன். (ஒரு வாசகர், குடியாத்தம்)

பதில்: பெரும்பாலான கடைக்காரர்கள் செய்வதில்லை, சரி. ஆனால் அந்த நாட்டு அரசே 2000-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. குற்றங்களில் சிக்கி, நடப்பில் இருக்கும் கடைகள் வரை தடம் பிடித்துப்போன துப்பாக்கிகளில் 57 சதவீதம், வெறும் 1.2 சதவீதக் கடைகளில் விற்றவை! அப்படியிருந்தும், வழக்கமான சோதனைக்கு ஒரு கடைக்குள் ஆண்டுக்கு ஒரு தடவைக்கு மேல் நுழையக் கூடாது என்று 1986-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள்.

நம் ஊரில் கடைகள் கொஞ்சம்தான். ஆனால் சோதனைக்குப் போகிறவர்கள் பூட்டை இழுத்துப் பார்த்து, துப்பாக்கியை எண்ணி, ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடுவார்கள். ஆரம்பத்தில் நானும் அப்படித்தான். அப்புறம் ஒரு நாள், விற்பனைப் பதிவேட்டில் ஒடுகத்தூர் பக்கத்து விவசாயி ஒருவர் பேரில் 40 தோட்டா என்று இருந்தது. விற்ற தோட்டாவை வாங்குகிறவரின் உரிமத்திலும் கடைக்காரர் எழுதித் தர வேண்டுமே, அதைப் பார்க்கலாம் என்று ஜீப்பைத் திருப்பினோம். பெரியவர் மஞ்சள் பையிலிருந்து உரிமத்தை எடுத்தார். ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. அதே தேதி, அதே கடை முத்திரை. எண்ணிக்கை மட்டும் 10.

"பத்துக்கு மேல நான் எதுக்குங்க வாங்கப் போறேன்? பன்னியை விரட்ட ரெண்டு சத்தம் போதும்" என்றார்.

மீதி 30 யார் கைக்குப் போனது என்பது கடைசிவரை தெரியவில்லை. கடையின் உரிமம் போனது, அவ்வளவுதான். பதிவேட்டுக் கணக்குப்படி கடையில் இருப்பு ஒரு தோட்டாகூடக் குறையவில்லை, கவனியுங்கள். கடைக்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்தால் நூறு வருஷமானாலும் சிக்கியிருக்காது. அதற்குப் பிறகு எந்தக் கடைக்குப் போனாலும் நாலு பெயரைக் குறித்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கும் போவேன். இன்னொன்று, டெபாசிட் பதிவேடு. உரிமம் வைத்திருந்தவர் இறந்து, வாரிசுகள் கடையில் ஒப்படைத்து மறந்துபோன துப்பாக்கிகள் அதில் இருக்கும். கேட்க ஆள் இல்லாத துப்பாக்கிக்குத்தான் முதலில் கால் முளைக்கும்.

கேள்வி: அப்பா காலமாகி எட்டு மாதம் ஆகிறது. அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கி பரணில் கிடக்கிறது. உரிமம் அவர் பேரில். என்ன செய்வது? (ஒரு வாசகி, பேரணாம்பட்டு)

பதில்: எட்டு மாதமா! நாளைக்கே ஸ்டேஷனில் விவரம் சொல்லிவிட்டு, அங்கேயோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படையுங்கள் அம்மா. ஆயுதச் சட்டம் 21-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. வேண்டுமென்றால் உங்கள் பேருக்கு உரிமம் கேட்டுப் பிறகு விண்ணப்பிக்கலாம். துப்பாக்கியின் நம்பரோடு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். பரணில் தோட்டா டப்பாவும் இருக்கும், தேடிப் பாருங்கள்.