இன்சூரன்ஸா, அபராதமா? முதலில் தம்பியின் இஎம்ஐயைப் பேசுவோம்

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்டில் இருக்கிறோம், கிரீன் கார்டு உண்டு. எனக்கு வயது 42, மனைவிக்கு 39, பிள்ளைகளுக்கு 11, 7. இந்த 2023 அக்டோபர் கடைசியில் வேலை போனது, கம்பெனி இன்சூரன்ஸும் அதோடு முடிந்தது. இப்போது காண்ட்ராக்டில் இருக்கிறேன். தொழில் செலவு போக 2024-ல் 1,03,000 டாலர் வரும். கோப்ராவில் பழைய இன்சூரன்ஸைத் தொடர மாதம் 2,300 டாலர். ஏஜென்ட் ஒருவர் தனியாக எடுத்தால் 1,900 என்றார். எடுக்காவிட்டால் மாநில அபராதம் வருடத்துக்கு 2,700தானாம். அதைக் கட்டிவிட்டு, பெரிய வைத்தியம் வந்தால் கோவைக்குப் போய்விடலாமா என்று யோசிக்கிறேன். மனைவிக்குத் தைராய்டு, எனக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது. வாடகை 3,100, மற்ற வீட்டுச் செலவு 2,300, கையிருப்பு 22,000. இது போகப் பீளமேட்டில் தம்பி வாங்கிய ஃபிளாட்டுக்கு மாதம் 75,000 ரூபாய் இஎம்ஐ நான்கு வருடமாக நான் கட்டுகிறேன். பத்திரம் அவன் பெயரில், கடனில் நான் இணை விண்ணப்பதாரர். அவனுக்குச் சென்னையில் 1,10,000 ரூபாய் சம்பளம். ஃபிளாட்டை 20,000-க்கு வாடகைக்கு விட்டிருக்கிறான். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு, நிறுத்த முடியாது. நண்பர் ஒருவர் ஐயூஎல் (பங்குச் சந்தைக் குறியீட்டோடு இணைந்த ஆயுள் காப்பீடு) பாலிசி எடுத்தால் நோய்க்கும் பணம் வரும் என்கிறார். என்ன செய்யட்டும்? (பெயர் வேண்டாம்)

பதில்: டிடக்டபிள் (இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்குமுன் நாம் கட்டும் தொகை), நெட்வொர்க் (இன்சூரன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர்கள், ஆஸ்பத்திரிகள்) பற்றியெல்லாம் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இத்தனை வருடம் கம்பெனி இன்சூரன்ஸில் இருந்தவர் நீங்கள். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. பிள்ளைகளின் வைத்தியம், மனைவியின் தைராய்டு, உங்கள் சர்க்கரை எல்லாவற்றுக்கும் ஆகும் செலவைக் குறைக்க முடியுமா என்று பார்க்கிறீர்கள். அந்த 75,000 ரூபாயைப் பற்றி மட்டும் கேள்வியே இல்லை. அதற்கு வருகிறேன். முதலில் அபராதக் கணக்கை முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் ஓர் எண்ணைத் தவறாகப் பிடித்திருக்கிறீர்கள்.

மத்திய அரசின் அபராதம் 2014-ல் தொடங்கி, 2019 முதல் பூஜ்யமானது. ஆனால் கலிஃபோர்னியா 2020 முதல் தனியாக வசூலிக்கிறது. நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்டிலும் இப்படி உண்டு. கலிஃபோர்னியாவில் 2024-க்குப் பெரியவர்களுக்குத் தலைக்கு 900 டாலர், பிள்ளைகளுக்கு 450. அல்லது வரித்தாக்கல் வரம்புக்கு மேலுள்ள வருமானத்தில் 2.5 சதவீதம். இரண்டில் எது அதிகமோ அது. உங்கள் குடும்பத்துக்கு அந்த வரம்பு சுமார் 70,000, கழிவு போக உங்கள் வருமானம் சுமார் 96,000 என்பதால் சதவீதக் கணக்கில் 650 டாலர்தான் வரும். ஆகவே 2,700 என்பது சரி.

தவறு அந்த 1,900-ல் இருக்கிறது. அது மானியம் கழிக்காத முழு விலை. மாநில அரசின் இன்சூரன்ஸ் சந்தையான கவர்டு கலிஃபோர்னியா மூலமாக எடுத்தால் உங்கள் வருமானத்துக்கு மானியம் உண்டு, ஏஜென்ட் அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். 1,03,000-ல் சுயதொழில் வரியில் பாதியைக் கழித்தால் சுமார் 96,000. நான்கு பேர் குடும்பத்துக்கு 2024 மானியக் கணக்கின் வறுமைக் கோடு 30,000, உங்களுடையது அதைப்போல 3.2 மடங்கு. அந்த அளவுக்கு 2024-ல், அளவுகோலாக வைத்திருக்கும் நடுத்தரமான சில்வர் திட்டத்துக்கு நீங்கள் கட்ட வேண்டியது வருமானத்தில் ஏறக்குறைய 6.5 சதவீதம். வருடத்துக்கு 6,240 டாலர், மாதம் 520. மீதியை அரசு நேரே கம்பெனிக்குக் கட்டிவிடும். ப்ரான்ஸ் திட்டம் எடுத்தால் பிரீமியம் இன்னும் குறையும், ஆனால் வைத்தியத்தின்போது கையிலிருந்து அதிகம் போகும். பிரீமியத்தில் நீங்கள் கட்டும் பங்கைச் சுயதொழில் செய்பவராக வருமானத்திலிருந்தும் கழித்துக்கொள்ளலாம்.

ஆக, அபராதம் கட்டினால் 2,700 போகிறது, கையில் ஒன்றும் இல்லை. இன்சூரன்ஸ் எடுத்தால் 6,240 போகிறது. வித்தியாசம் 3,540, மாதம் 295 டாலர். நான்கு பேருக்குப் பாதுகாப்பு வேண்டுமா வேண்டாமா என்பதற்கு உங்கள் வீட்டில் இருக்கும் உண்மையான விலை இந்த 295தான். மானியம் வாங்கினால் கிரீன் கார்டுக்கோ குடியுரிமைக்கோ சிக்கல் வருமோ என்று பலர் கேட்கிறார்கள். இந்த மானியத்தால் வராது.

கோவைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற யோசனை அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் பலரிடம் இருக்கிறது. முழங்கால் மாற்று சிகிச்சைக்கும் பல் வைத்தியத்துக்கும் அது சரி. பையன் சைக்கிளிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டாலும், உங்களுக்கு நடு இரவில் நெஞ்சு வலித்தாலும் விமானத்துக்கு நேரம் இல்லை. அவசரப் பிரிவு உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று 1986-ல் இருந்தே சட்டம் இருக்கிறது, ஆனால் பில் அனுப்பக் கூடாது என்று அது சொல்லவில்லை. ஓர் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனுக்கு இங்கே 30,000 டாலருக்கு மேல் பில் வருவது அபூர்வம் இல்லை. உங்கள் கையிருப்பு 22,000. இன்சூரன்ஸ் இல்லாதவர்களுக்குக் கலிஃபோர்னியா ஆஸ்பத்திரிகள் வருமானத்தைப் பார்த்துத் தள்ளுபடி தர வேண்டும் என்பதும் உண்மை, உங்கள் வருமானம் அந்த வரம்புக்குள்தான் வரும். அது விழுந்த பிறகு எழுந்திருக்க உதவும். அதை நம்பி ஒரு வருடத்தைத் திட்டமிடாதீர்கள்.

இன்சூரன்ஸ் இருந்தால் மோசமான வருடத்துக்கும் ஓர் உச்சவரம்பு இருக்கிறது. நெட்வொர்க்குக்குள் வைத்தியம் பார்க்கும்வரை 2024-ல் குடும்பத்துக்கு 18,900 டாலருக்கு மேல் உங்கள் பையிலிருந்து போகாது. அதுவும் பெரிய தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் அது எண்ணிப் பார்க்கக்கூடிய தொகை.

இன்னொன்று உங்கள் சர்க்கரை. இன்சூரன்ஸ் கம்பெனி அதைக் காரணம் காட்டி உங்களை மறுக்க முடியாது, விலையையும் ஏற்ற முடியாது. ஆனால் 2024 இன்சூரன்ஸுக்குக் கதவு திறந்திருப்பது நவம்பர் 1 முதல் ஜனவரி 31 வரைதான். மார்ச்சில் டாக்டர் ‘இது சர்க்கரை நோய்தான்’ என்று சொன்னால் அப்போது ஓடிப்போய் வாங்க முடியாது, 2025 ஜனவரி வரை காத்திருக்க வேண்டும்.

சரி, இப்போது தம்பி.

வரி போக உங்கள் கையில் மாதம் தோராயமாக 7,000 டாலர் நிற்கும். வாடகையும் வீட்டுச் செலவும் 5,400. மீதி 1,600. தம்பியின் இஎம்ஐ 2023 கடைசி மதிப்பில் 900 டாலர். அது போக 700. அதில் 1,900 டாலர் பிரீமியம் எப்படிக் கட்டுவது? அதனால்தான் அபராதம் உங்களுக்கு நியாயமாகத் தெரிந்திருக்கிறது. 520 என்றால் கட்டிவிடலாம், மிச்சம் 180. ஆனால் காண்ட்ராக்ட் இரண்டு மாதம் நின்றால் சேமிப்பு கரைய ஆரம்பிக்கும். அப்போது நீங்கள் முதலில் நிறுத்தப்போவது இன்சூரன்ஸைத்தான், இஎம்ஐயை அல்ல. உங்கள் கடிதமே அப்படித்தான் இருக்கிறது.

நான்கு வருடத்தில் 36 லட்சம் ரூபாய் கட்டியிருக்கிறீர்கள். 20 வருடக் கடன், 9 சதவீத வட்டி என்று வைத்துப் பார்த்தால் அதில் அசலுக்குப் போனது 7 லட்சம் சொச்சம், மற்றதெல்லாம் வட்டி. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4-லிருந்து 6.5 சதவீதமாக ஏற்றியபோது, வங்கிகள் பலருக்கு இஎம்ஐயைத் தொடாமல் தவணைக் காலத்தை நீட்டிவிட்டன. உங்கள் கடனில் இன்னும் எத்தனை மாதம் பாக்கி என்று உங்களுக்குத் தெரியுமா? வங்கியிடம் ஸ்டேட்மெண்ட் கேளுங்கள். இணை விண்ணப்பதாரர் என்பதால் உங்களுக்குத் தர வேண்டும்.

பத்திரத்தில் உங்கள் பெயர் இல்லை, கடனில் மட்டும் இருக்கிறது. சொத்து அவருக்கு, பொறுப்பு உங்களுக்கு. கடன் வாங்குபவர் நிற்கக்கூடிய இடங்களில் இதைவிட மோசமானது எனக்குத் தெரிந்து இல்லை. அந்த 20,000 ரூபாய் வாடகை யாருடைய கைக்குப் போகிறது என்றும் நீங்கள் எழுதவில்லை. கேட்டதே இல்லை என்று நினைக்கிறேன்.

அப்பாவிடம் வாக்குக் கொடுத்த நாளில் உங்களுக்கு நிரந்தர வேலை இருந்தது, குடும்பத்துக்குக் கம்பெனி இன்சூரன்ஸ் இருந்தது. நான்கு வருடம் அந்த வாக்கைக் காப்பாற்றியும் விட்டீர்கள், அது சின்ன விஷயம் இல்லை. இன்று நிலைமை மாறியிருக்கிறது என்பதைத் தம்பியிடம் சொன்னதாக நீங்கள் எழுதவே இல்லையே! வேலை போனது அவருக்குத் தெரியுமா? அம்மா வழியாகச் சொல்லி அனுப்ப வேண்டாம், நேரே தம்பியிடம் பேசுங்கள். ‘ஜனவரி முதல் மார்ச் வரை பாதி கட்டுகிறேன். ஏப்ரலிலிருந்து நீ பார்த்துக்கொள்’ என்று தேதியோடு சொல்லுங்கள். சம்பளமும் வாடகையும் சேர்த்து அவருக்கு 1,30,000 ரூபாய் வருகிறது. இஎம்ஐ போக 55,000 மிஞ்சும். சென்னையில் இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் முடியும். முடியாது என்றால் ஃபிளாட்டை விற்றுக் கடனை அடைக்கலாம், அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மாதம் நிறுத்திவிடுவது. தவணை தவறினால் உங்கள் சிபில் ஸ்கோரும் அடிபடும்.

ஏப்ரலுக்குப் பிறகு பிரீமியம் போக மாதம் 1,080 டாலர் மிஞ்சும், வருடத்துக்கு 13,000-க்குப் பக்கம். அந்த 18,900 உச்சவரம்பைப் பார்த்துப் பயப்படாமல் இருக்க வேண்டிய பணம் இங்கிருந்துதான் வர வேண்டும்.

ஐயூஎல் வேண்டாம். பங்குச் சந்தை ஏறினால் லாபம், இறங்கினால் நஷ்டம் இல்லை, நோய் வந்தாலும் பணம் என்று வாரக் கடைசி விருந்துகளில் நம்மவர்களே நம்மவர்களுக்கு இதை விற்கிறார்கள். விற்பவருக்கு நல்ல கமிஷன். அது ஆயுள் காப்பீடு. நோய்க்கு வரும் பணம் என்பது கடுமையான நோயில், நிபந்தனைகளோடு, இறப்புத் தொகையிலிருந்து முன்கூட்டி எடுத்துத் தருவது. கை முறிந்தால் வராது, தைராய்டு மாத்திரைக்கு வராது. அது இருக்கிறது என்று சொல்லி மாநில அபராதத்திலிருந்தும் தப்ப முடியாது. முதல் வருடங்களில் வெளியே வந்தால் கட்டிய பணத்தில் பெரும்பகுதி சரண்டர் கட்டணமாகப் போய்விடும். பிள்ளைகளுக்காக ஆயுள் காப்பீடு வேண்டும் என்றால் 20 வருட டெர்ம் பாலிசி போதும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது: டிசம்பர் 31-க்குள் கவர்டு கலிஃபோர்னியாவில் பதிந்தால் ஜனவரி 1 முதல் இன்சூரன்ஸ் தொடங்கும். நவம்பர், டிசம்பர் இரண்டு மாத இடைவெளிக்கு அபராதம் இல்லை, மூன்று மாதம் வரை விலக்கு உண்டு. அதுவரை ஏதாவது ஆகிவிட்டால், கோப்ராவைத் தேர்ந்தெடுக்க உங்களுக்கு 60 நாள் அவகாசம் இருக்கிறது, பின்தேதியிட்டும் செல்லும். அந்தக் கடிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். திட்டம் எடுக்கும்போது மனைவியின் டாக்டர் நெட்வொர்க்கில் இருக்கிறாரா என்று பாருங்கள். சர்க்கரைக்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டியிருக்கும் என்பதால் ப்ரான்ஸைவிடச் சில்வரே உங்களுக்குப் பொருந்தும்.

வருமானத்தைக் குறைத்துச் சொல்லாதீர்கள், அதிகமாக வாங்கிய மானியத்தை வரித்தாக்கலில் திருப்பிக் கேட்பார்கள். காண்ட்ராக்ட் தொகை ஏறினால் உடனே அவர்கள் கணக்கில் திருத்துங்கள். 2024-ல் வருமானம் சுமார் 80,000-க்குக் கீழே இறங்கும் நிலை வந்தாலும் சொல்லுங்கள், அப்போது பிள்ளைகள் இருவரும் மெடி-காலுக்கு (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான மாநில அரசின் மருத்துவக் காப்பீடு) மாறுவார்கள். ஜனவரி நடுவில் காலாண்டு வரித் தவணை வருகிறது. அதற்கு ஒதுக்கியதைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, அதன் பிறகு தம்பிக்குப் பாதித் தொகையை அனுப்புங்கள்.