காலண்டர் தாளின் பின்பக்கம்

ஐயா,

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் கிராமம். நான்கு ஆண்டுகளுக்கு முன் அண்ணன் தென்னையிலிருந்து விழுந்துவிட்டார். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. செயற்கை நுண்ணறிவால் இப்படிப்பட்ட ஒருவரை நடக்கவைத்துவிட்டார்கள் என்று மைத்துனர் ஒரு காணொளி காட்டினார். அன்றிலிருந்து அண்ணனுக்குத் தூக்கமில்லை. கிணற்றடி நிலத்தை விற்றுவிடலாம் என்கிறார் அப்பா. அம்மா மட்டும் வழக்கம்போல, அண்ணன் குடித்த தண்ணீரையும் பையில் இறங்கிய சிறுநீரையும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார். என்ன செய்வது?

மு., உசிலம்பட்டி

அன்புள்ள மு.,

நிலத்தை விற்க வேண்டாம். மற்றதைப் பொறுமையாகப் படியுங்கள்.

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் கெர்ட்-யான் ஓஸ்காம் என்ற நெதர்லாந்துக்காரராக இருக்கும். 2011இல் சைக்கிள் விபத்தில் அடிபட்டவர். சுவிட்சர்லாந்தில் கிரெகுவார் கூர்த்தீன் குழுவினர் அவரை நடக்கவைத்த செய்தி 2023இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வந்தது. காலைத் தூக்க நினைக்கும்போது மூளையில் எழும் மின்சமிக்ஞையைக் கணினி படித்து, தண்டுவடத்தின் மேல் பொருத்திய கருவிக்கு அனுப்புகிறது. அறுந்ததை யாரும் ஒட்டவைக்கவில்லை. பாலம் இடிந்த இடத்தில் பரிசல் விட்டிருக்கிறார்கள். அவருக்குத் தண்டுவடம் முழுதாக அறுபடவுமில்லை. அது ஆராய்ச்சி. காசு கொடுத்து வாங்கும் வைத்தியம் அல்ல.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது எலிகளின் கதை. 1990களில் அமெரிக்க ஆய்வகங்களில், தண்டுவடம் அடிபட்ட எலிகளுக்கு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். சொல்லிக்கொள்ளும்படி பலனில்லை. பதிவுகள் கிடப்பில் போயின. கலிஃபோர்னியாவின் ஆய்வாளர் ஆடம் ஃபெர்குசனின் குழு அவற்றைத் தேடியெடுத்துக் கணினியை அலசவிட்டது. 2015இல் விடை வந்தது: காயம்பட்ட நேரத்தில் இரத்த அழுத்தம் எகிறிய எலிகள் பிற்பாடு சரியாகத் தேறவில்லை. மருந்தைவிட அந்த எண்தான் அதிகம் பேசியது. கடமைக்காக யாரோ குறித்துவைத்த எண்! 2021இல் மனிதர்களின் அறுவை அரங்குப் பதிவுகளை அலசியபோதும், அழுத்தம் மிகவும் இறங்கினாலும் மிகவும் ஏறினாலும் கெடுதல் என்றே தெரிந்தது.

மேலூர்ப் பக்கம் பனையிலிருந்து விழுந்தவர் என் சித்தப்பா. நான்கு பேர் வேட்டியில் தூக்கிச் சரக்கு வேனில் கிடத்தினோம். முதுகை அசைக்காமல் பலகையில் வைக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மருத்துவமனை கொடுத்த சீட்டில் மூன்றே வரி. அன்றிரவு அவருடைய இரத்த அழுத்தம் என்ன என்று எந்த இயந்திரத்தாலும் இனிச் சொல்ல முடியாது. மூன்றாம் ஆண்டு படுக்கைப்புண்ணில் போய்ச் சேர்ந்தார். புரட்டிப் படுக்கவைக்கச் சொல்லித்தர ஆளில்லாமல் போனது.

தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கம் இருக்கிறது. கழுத்தில் அடிபட்டுக் கைகால் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது. வேலூரில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸும் சக்கர நாற்காலியில் இருந்தவர்தான். இரண்டில் ஒன்றுக்கு அண்ணனை அழைத்துப் போங்கள்.

போகும்போது அம்மாவின் காலண்டர் தாள்களைத் தேதி வாரியாக அடுக்கி எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் வேறு எதைக் கேட்காவிட்டாலும் அதைப் பார்ப்பார். அண்ணனுக்குக் கைகள் நன்றாகத்தானே இருக்கின்றன? நாளைய தாளை அவரே எழுதட்டும்.