மாரத்தானுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, விட்டுப்போன நீள ஓட்டங்களை இப்போது ஈடுகட்டலாமா?

வேண்டாம். மூன்று வாரத்தில் ஈடுகட்டவும் முடியாது.

சென்னையில் ஜனவரியில் உங்கள் முதல் முழு மாரத்தான், மழையில் இரண்டு நீள ஓட்டங்கள் போய்விட்டன, மிச்ச நாட்களில் அதைச் சேர்த்து ஓடிவிடலாமா, போட்டிக்கு முன் ஒரு தடவை 42 கிலோமீட்டரையும் ஓடிப் பார்த்துவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைக்குப் போகிறவர், விடிவதற்குள் ஓடி முடிக்க வேண்டியவர், நாலரை மணி நேரத்துக்கும் ஐந்தரை மணி நேரத்துக்கும் இடையில் முடிக்கப் பார்க்கிறவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மூன்று மணி நேரத்தில் முடிக்கிற ஆள் என்றால் இந்தப் பதில் உங்களுக்கு இல்லை, தாண்டிப் போய்விடுங்கள்.

நான் கோச் கிடையாது. மண்டபம் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை, வீடு ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம். "டீச்சருக்கு எதுக்கு இந்த அறிவுரை" என்று யாராவது கீழே எழுதத்தான் போகிறீர்கள். ஓடி முடித்திருக்கிறேன், காயம் இல்லாமல் முடித்திருக்கிறேன், அந்தத் தகுதி போதும்.

உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிதான் என்னைக் கிளறிவிட்டது. போன டிசம்பரில் இதே பேச்சு எங்கள் ஓட்டக் குழுவில் வந்தது. ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், தீவு என்று அங்கங்கே இருப்பவர்கள் சேர்ந்த வாட்ஸ்அப் குழு. அதில் வயதில் மூத்த ஒருவர், நாங்கள் எல்லாரும் சார் என்றுதான் கூப்பிடுவோம், போட்டிக்குப் பதினைந்து நாள் முன்னால் ஒரு திட்டம் போட்டார். ராமநாதபுரத்தில் ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்பி நெடுஞ்சாலையிலேயே பாம்பன் வரைக்கும் ஓட வேண்டும். கிட்டத்தட்ட முழுத் தூரம். "42 ஓடிப் பார்க்காமல் போய் நிற்பது, பாடம் படிக்காமல் பரீட்சைக்குப் போவது மாதிரி டீச்சர்" என்று என்னைக் குறிவைத்தே ஒரு ஆடியோ அனுப்பினார்.

"மாடல் எக்ஸாம் நல்லதுதான் சார். ஆனால் அதை முந்தின நாள் ராத்திரி வைக்க மாட்டோம்" என்று பதில் போட்டேன். அதற்குப் பிறகு ரெண்டு நாள் குழுவில் யாரும் எனக்குக் காலை வணக்கம்கூட வைக்கவில்லை. ஒருவர் மட்டும் தனியாக, "வீட்டில் விடமாட்டார்களா டீச்சர்?" என்று கேட்டார். பொம்பளை ஒரு காரணம் சொன்னால், அதற்குப் பின்னால் வீட்டில் யாரோ தடுக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும் போல. என் வீட்டுக்காரர் அதிகாலை நாலு மணிக்கு டூவீலரில் எனக்குப் பின்னாலேயே லைட் போட்டுக்கொண்டு வருகிற மனுஷன். சரி, அதை விடுங்கள்.

நான் போகாததற்குக் காரணம் ரொம்பச் சாதாரணமானது. ஒரு கடினமான நீள ஓட்டத்தின் பலன் உடம்பில் சேர பத்து நாளுக்கு மேல் ஆகும். களைப்பு மட்டும் அன்றைக்கே வந்துவிடும். 42 கிலோமீட்டர் ஓடினால் தொடை, கெண்டைக்கால் தசை நார்களில் நுண்ணிய கிழிசல் விழுகிறது, அது ஆற வாரக்கணக்கில் பிடிக்கும். அது ஆறுவதற்குள் போய் இன்னொரு 42 ஓட நிற்பதற்கு எதற்குப் பணம் கட்ட வேண்டும்? புதிதாக ஓடுகிறவர்களுக்குப் பயிற்சித் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் 30, 32 கிலோமீட்டரோடு நிறுத்துவது இதனால்தான். மிச்சப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரைப் போட்டி நாளின் ஓய்வெடுத்த காலும், தசையில் நிரம்பிய சர்க்கரைச் சேமிப்பும் பார்த்துக்கொள்ளும்.

அதே சமயம், இந்தக் கடைசி வாரங்களில் காலை நீட்டிப் படுத்துவிடுவதும் சரியில்லை. நீச்சல், சைக்கிள், ஓட்டம் என்று போட்டிக்கு முன் பயிற்சி குறைப்பதைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2007-ல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. இரண்டு வாரக் காலத்தில் மொத்த அளவை 41 முதல் 60 சதவீதம் வரை குறைத்து, வேகத்தை மட்டும் குறைக்காமல் வைத்தவர்களுக்குத்தான் அதிகப் பலன் என்று அதில் சொல்கிறார்கள். தூரத்தைக் குறை, வேகத்தை விடாதே, அவ்வளவுதான். என் உச்ச வாரம் 55 கிலோமீட்டர். அடுத்த வாரம் 40, அதற்கு அடுத்தது 28. போட்டி வாரத்தில் ஞாயிறைத் தவிர்த்து 13 போல.

மூன்று வாரம் முன்னால் கடைசி நீள ஓட்டம். தங்கச்சிமடத்தில் இருந்து ராமேஸ்வரம் போய், தனுஷ்கோடிச் சாலையில் கொஞ்ச தூரம் ஓடி, கோதண்டராமர் கோவில் பிரிவுக்கு முன்னாலேயே திரும்பி வீடு. 30 கிலோமீட்டர். மார்கழி நெருங்கினால் எங்கள் பக்கம் வாடை பிடித்துவிடும். வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அமைதியாகக் கிடக்கும். அந்தச் சாலையில் சவுக்குத் தோப்பு இருக்கும் இடத்தில் ஒன்றும் தெரியாது, தோப்பு விட்ட இடத்தில் காற்று ஆளைப் பக்கவாட்டில் தள்ளும், மணல் கண்ணில் அடிக்கும். இது போதாது என்று ஐயப்ப பக்தர்களின் வேன்கள். அக்னி தீர்த்தத்தில் விடிவதற்குள் குளிக்க வேண்டும் என்று எங்கிருந்தோ ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஓட்டி வருகிற டிரைவர்கள். மின்னும் பட்டை வைத்த மேல்சட்டை இல்லாமல் இந்த மாதத்தில் நெடுஞ்சாலையில் இறங்காதீர்கள், இது உங்கள் ஊருக்கும் பொருந்தும்.

இரண்டு வாரம் முன்னால், அதாவது மற்றவர்கள் பாம்பனுக்கு ஓடிய அதே ஞாயிறு, நான் செய்தது 18 கிலோமீட்டர். முதல் மூன்று மெதுவாக, நடுவில் 12 கிலோமீட்டர் மாரத்தான் வேகத்தில், அதாவது போட்டியில் ஓட நினைக்கிற வேகத்தில், கடைசி மூன்று மறுபடி மெதுவாக. இந்த ஒரு பயிற்சியைத்தான் நான் எல்லாவற்றையும் விடப் பெரிதாக நினைக்கிறேன். என் இலக்கு கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 40 நொடி. ராமேஸ்வரம் நோக்கிப் போகும்போது வாடை எதிர்த்து அடித்ததில் கடிகாரம் 7 காட்டியது. திரும்பும்போது அதே மூச்சில் 6:25. இங்கேதான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். எதிர்க்காற்றிலும் 6:40 காட்டியே தீர வேண்டும் என்று மல்லுக்கட்டினால், அது மாரத்தான் வேகமே இல்லை, அரை மாரத்தான் முயற்சி ஆகிவிடும். கடற்கரை ஊரில் ஓடுகிறவர்கள் கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டு மூச்சை வைத்து ஓடுவது நல்லது. நாலைந்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது.

நடு வாரத்தில் ஒருநாள் ஒரு கிலோமீட்டர் வேக ஓட்டம் நாலு, மாரத்தான் வேகத்தை விடக் கொஞ்சம் கூடுதல் வேகத்தில். இடையில் இரண்டு நிமிடம் மெதுவோட்டம். மூச்சிரைத்துக் கீழே விழும் அளவுக்கு வேண்டாம், இன்னும் ஒன்று ஓடலாம் என்று தோன்றும்போதே நிறுத்தி வீட்டுக்கு வந்துவிட வேண்டும். மெதுவோட்ட நாட்களின் முடிவில் நூறு நூறு மீட்டர் அஞ்சாறு தடவை விரைவாக ஓடினால் கால் மந்தமாகாது.

பாம்பன் பாலத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1988-ல் திறந்த சாலைப் பாலம், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். எங்கள் கரையில் ஏற்றம் என்று சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது. அக்டோபர், நவம்பரில் அதில் ஏறி இறங்கிப் பயிற்சி செய்வேன். கடைசி மூன்று வாரத்தில் அந்தப் பக்கமே போகமாட்டேன். ஏறுவதால் மூச்சு வாங்கும், ஆனால் முன்தொடையைக் கடித்து வைப்பது இறக்கம்தான். நீண்டுகொண்டே பாரம் தாங்குகிற தசைதான் அதிகம் புண்படும், அந்த வலி ரெண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். இப்போது அதற்கு நேரம் இல்லை. கூடவே விடிகாலையில் மீன் வண்டிகள் ஐஸ் தண்ணீரை ஒழுக விட்டுக்கொண்டு போயிருக்கும், பாலத்தில் வழுக்கும்.

பாம்பனுக்கு ஓடியவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். நியாயமாகச் சொல்ல வேண்டும். ஒரு பையன், இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும், போட்டியில் என்னை விட அரை மணி நேரம் முன்னால் ஜம்மென்று முடித்தான். இன்னொருவர் கெண்டைக்கால் வலியோடே வந்து 27-வது கிலோமீட்டரில் நின்றுவிட்டார். சார் முடித்தார், ஆனால் 33-க்கு மேல் தசை பிடித்து நடைதான். ஒருத்தருக்கு ஒத்துக்கொண்டது என்பதை வைத்து அது சரி என்றும் ஆகாது, இரண்டு பேருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதை வைத்து நான் சட்டம் போடவும் இல்லை. நான் 4 மணி 46 நிமிடம். இரண்டாவது பாதி முதல் பாதியை விட நாலு நிமிடம்தான் கூடுதல். அதைக் குழுவில் போட்டபோது சார் ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டார். போதும்.

புது ஷூ வாங்கினால் இப்போதே வாங்கி, இரண்டு மூன்று ஓட்டமாவது ஓடிப் பழக்கிவிடுங்கள், போட்டி வாரத்தில் வாங்காதீர்கள் என்று சொல்ல வந்தேன். சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது. நவம்பரில் ஆர்டர் போட்ட ஷூ. கூரியர் கம்பெனியின் பெயர் வேண்டாம். "டெலிவரி செய்ய முயன்றோம், வீட்டில் ஆள் இல்லை" என்று குறுஞ்செய்தி வருகிறது. என் மாமியார் காலையில் இருந்து விளக்கு வைக்கும் வரைக்கும் வாசல் திண்ணையை விட்டு எழுந்திருக்காதவர். தெருவில் போகிற கோழிக்குக்கூடக் கணக்கு வைத்திருப்பார். போன் போட்டுக் கேட்டால், "மேடம், தீவுக்குள்ள வண்டி வராது, ராமநாதபுரம் வந்து வாங்கிக்கோங்க" என்கிறான் அந்தத் தம்பி. ஆர்டர் எடுக்கும்போது மட்டும் தீவு தெரிந்ததா? டெலிவரி கட்டணமும் வாங்கியாயிற்று. கடைசியில் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டுப் போய் வாங்கி வந்தார். பெருநகரத்தில் இருந்து எழுதுகிறவர்கள் "ஒரே நாளில் வந்துவிடும்" என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் மாதிரி ஊர்க்காரராக இருந்தால் ஒரு மாதம் முன்னாலேயே வாங்கிவிடுங்கள்.

ஓட்டம் குறைந்ததும் உடம்பு உங்களை ஏமாற்றப் பார்க்கும். கால் கனக்கும், ஒன்றுமே ஆகாத முட்டி வலிக்கும், தூக்கம் வராது. அரையாண்டுத் தேர்வு மேற்பார்வையில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டு வந்த ஒரு நாள் எனக்கு இடது குதிகால் போய்விட்டது என்றே நினைத்தேன். மறுநாள் ஒன்றும் இல்லை. ஓடும்போது நடை மாறுகிற வலியாக இருந்தால்தான் டாக்டரிடம் போங்கள். மாமியார் வேறு, "என்னம்மா, ஓடப்போகலையா? பணம் கட்டியாச்சுல்ல?" என்று தினமும் கேட்டார்.

போட்டி வாரம்: செவ்வாய் ஆறு கிலோமீட்டர், அதில் மூன்று மாரத்தான் வேகத்தில். வியாழன் நாலு, மெதுவாக. சனிக்கிழமை இருபது நிமிடம் காலை அசைத்தால் போதும், ரயிலில் வந்த களைப்பு இருந்தால் அதுவும் வேண்டாம். சட்டையில் குத்துகிற போட்டி எண்ணை வாங்கப் போகிற இடத்தில் கடைகடையாகச் சுற்றாதீர்கள், நிற்பதும் கால் வேலைதான். தூக்கத்தை வெள்ளிக்கிழமையே சேர்த்துவிடுங்கள், சனி ராத்திரி யாருக்கும் தூக்கம் வராது.

சாப்பாடு கடைசி இரண்டு நாள் மாறவேண்டும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 8 முதல் 10 கிராம் மாவுச்சத்து. என் 55 கிலோவுக்கு அது நாளுக்கு 500 கிராமைத் தொடும். வெந்த சோறு 100 கிராமில் 28 கிராம்தான் மாவுச்சத்து, ஆகவே வெறும் சோற்றால் எட்டாது. இட்லி, வாழைப்பழம், கருப்பட்டிப் பானகம் என்று நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். எண்ணெய், கீரை, பருப்பு, காரம் குறைய வேண்டும். எடை ஒன்றிரண்டு கிலோ கூடும், பயப்படாதீர்கள், தசையில் சேரும் சர்க்கரை தன்னோடு தண்ணீரையும் பிடித்து வைக்கும். மீன் குழம்பு இல்லாமல் ரெண்டு நாள் ஓட்டியதுதான் எனக்கு இந்தப் பயிற்சி முழுவதிலும் கஷ்டமான பகுதி.

எங்களுக்குக் கிறிஸ்துமஸும் புத்தாண்டும் இந்தக் குறைப்புக் காலத்துக்குள்ளேயே வந்துவிடும். 24-ம் தேதி நடுச்சாமப் பூசைக்குப் போனேன், மறுநாள் ஓடவில்லை. 31-ம் தேதி பூசையில் பாதி நேரம் பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா "உடம்புக்கு ஆகலையா?" என்று ஜாடையில் கேட்டதற்குச் சிரித்து வைத்தேன். வருடத்தில் ஒரு ராத்திரி, அதை விட்டுக்கொடுக்கிற அளவுக்கு நான் ஓட்டக்காரி இல்லை.

இனி உங்கள் விஷயம். விட்டுப்போன இரண்டு ஓட்டங்களுக்கு முன்னால் 26, 28 கிலோமீட்டர் ஒரு தடவையாவது ஓடியிருந்தால், இந்த வாரம் ஒரு 28 ஓடிவிட்டு மேலே சொன்னபடி குறைத்துக்கொண்டு போங்கள், இலக்கு நேரத்தில் பத்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். இதுவரை 22-ஐத் தாண்டியதே இல்லை என்றால் என் பதில் வேறு: அரை மாரத்தானுக்கு மாற்றித் தருவார்களா என்று முதலில் கேளுங்கள், முடியாது என்றால் ஆரம்பத்தில் இருந்தே ஒன்பது நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று போங்கள். உங்கள் நீளமான ஓட்டம் எவ்வளவு, எத்தனை நாள் முன்னால் என்று கீழே எழுதுங்கள். விடைத்தாள் திருத்தி முடித்துவிட்டுப் பார்க்கிறேன்.