சிவில் வழக்குக்கும் இலவச வக்கீல் உண்டு, கம்மலை அடகு வைக்காதீர்கள்

கேள்வி: தென்காசி மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். பீடி சுற்றித்தான் குடும்பம் நடக்கிறது. கணவர் மூன்று வருடத்துக்கு முன்பு இறந்துவிட்டார். 17 வயதில் ஒரு மகள், 14 வயதில் ஒரு மகன். என் மாமனார் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீட்டில், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருக்கிறேன். மாமியார் முதலில் தவறிவிட்டார், 2011-ல் மாமனார் தவறினார். உயில் எதுவும் எழுதவில்லை. அப்புறம் கணவரின் அண்ணன் பட்டாவையும் வீட்டு வரியையும் தன் பேருக்கு மாற்றிக்கொண்டார். இப்போது, நான் அவர் அனுமதியில்தான் குடியிருப்பதாகவும், காலி செய்ய வேண்டும் என்றும் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறார். சம்மன் வாங்கி 6 நாள் ஆகிறது. வாய்தாவுக்கு இன்னும் 16 நாள் இருக்கிறது. வக்கீல் ஒருவர் 40 ஆயிரம் கேட்டார். கையில் இருப்பது ஒரு ஜோடி கம்மல்தான். இலவச வக்கீல் ஜெயிலில் இருப்பவர்களுக்கு மட்டும்தான், சிவில் வழக்குக்குக் கிடையாது, வருமானச் சான்று இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள் என்று சொல்கிறார்கள். நாத்தனார் வீட்டுக்காரர், பேசி முடிக்கலாம், ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போடு என்கிறார். என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் கம்மலைக் காதிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் சொல்லப்பட்ட மூன்றுமே தவறு. இலவச சட்ட உதவி சிவில் வழக்குக்கும் உண்டு. வழக்குப் போடவும் உண்டு, உங்களைப்போல் போட்ட வழக்கை எதிர்க்கவும் உண்டு. நீங்கள் பெண் என்பதால் வருமானச் சான்று கேட்கவே இடமில்லை.

சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1987-ல் வந்தது, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 12-ம் பிரிவில் யார் யாருக்கு இந்த உதவி என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒரு வரி, பெண்கள், குழந்தைகள். ஏழைப் பெண் என்றோ விதவைப் பெண் என்றோ இல்லை, பெண் என்றால் போதும். உங்களுக்கும் கிடைக்கும், உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் கிடைக்கும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், வெள்ளம் போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள், காவலில் இருப்பவர்கள், இவர்களுக்கும் வருமானக் கணக்கு கிடையாது. இந்த எதிலும் வராத ஆண்களுக்குத்தான் வருமான வரம்பு. தமிழ்நாட்டில் அது ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய். அதற்கும் வருமானத்தைச் சொல்லி ஒரு உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் போதும், அதை நம்பாமலிருக்கக் காரணம் இருந்தால் ஒழிய அதையே போதுமானதாக ஏற்றுக்கொள்ளலாம் என்று 13-ம் பிரிவு சொல்கிறது. அக்கம்பக்கத்தில் யாருக்காவது தேவைப்படும், சொல்லி வையுங்கள்.

எங்கே போவது? வழக்கு நடக்கிற அதே கோர்ட் வளாகத்துக்குப் போய், வட்ட சட்டப் பணிகள் குழு அலுவலகம் எது என்று கேளுங்கள். அங்கிருக்கிற மூத்த நீதிபதிதான் அந்தக் குழுவின் தலைவர். ஒரு விண்ணப்பப் படிவம் தருவார்கள், பணம் கட்ட வேண்டியதில்லை. எழுதத் தயக்கமாக இருந்தால் அலுவலகத்திலோ, அங்கு வரும் சட்டத் தன்னார்வலர்களிடமோ கேளுங்கள், எழுதித் தருவார்கள். வாயால் சொன்னாலும் எழுதிக்கொள்ள வேண்டியது அவர்கள் கடமை. போவதற்கு முன் பேச வேண்டுமென்றால் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். ஆனால் உங்களுக்கு நாள் குறைவாக இருப்பதால் நேரில் போவதையே சொல்வேன். ஒரு நாள் பீடிக் கூலி போனாலும் பரவாயில்லை, நாளைக்கே போங்கள்.

கையில் எடுத்துப்போக வேண்டியது சம்மனும், அதோடு பின் அடித்து வந்திருக்கும் வழக்குரை நகலும், அதாவது அண்ணன் கோர்ட்டில் கொடுத்த மனுவின் நகல். சம்மனின் முதல் பக்கத்தில் கோர்ட் பெயர், வழக்கு எண், வாய்தா தேதி மூன்றும் இருக்கும். தேதி பெரும்பாலும் பேனாவால் எழுதியிருக்கும், கையெழுத்து கிறுக்கலாக இருந்தால் அலுவலகத்தில் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். 6-ஐ 8 என்று படித்துவிட்டு இரண்டு நாள் கழித்து வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். விண்ணப்பம் கொடுத்ததும் தேதியோடு ஒப்புகைச் சீட்டோ முத்திரை போட்ட நகலோ கேட்டு வாங்குங்கள்.

விண்ணப்பத்தின் மீது 7 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று இலவச சட்ட உதவிக்கான 2010-ம் ஆண்டு விதிமுறைகளில் இருக்கிறது. உங்களுக்கு 16 நாள் இருப்பதால் வாய்தாவுக்கு முன்பே வக்கீல் கிடைத்துவிட வேண்டும். ஒருவேளை தாமதமானாலும் வாய்தா அன்று காலை 10 மணிக்கெல்லாம் கோர்ட்டில் இருங்கள். உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது உள்ளே போய், "ஐயா, சட்டப் பணிகள் குழுவில் வக்கீல் கேட்டு மனு கொடுத்திருக்கிறேன். பதில் போட வாய்தா வேண்டும்" என்று சொல்லுங்கள். நீதிபதி பெண்ணாக இருந்தால் அம்மா என்று சொல்லுங்கள். ஒப்புகைச் சீட்டை நீட்டுங்கள். நான் பார்த்தவரை, இப்படி வந்து நிற்கிறவரை எந்த நீதிபதியும் விரட்டியதில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு ஒரு பெரியம்மா மஞ்சப்பையோடு என்னிடம் வந்தார். பையில் ரேஷன் கார்டு, அவர் வீட்டுக்காரரின் இறப்புச் சான்று, அவற்றுக்கு நடுவே நான்காய் மடித்த சம்மன். எட்டு மாதம் அதைச் சாமி பட காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருந்திருக்கிறார். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை, அதனால் கோர்ட்டுக்கே போகவில்லை. அவர் வராததால் அவர் பக்கம் கேட்காமலே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாகி, வீட்டைக் காலி செய்யச் சொல்லி கோர்ட் ஊழியரான அமீனா வாசலில் வந்து நின்ற பிறகுதான் என்னிடம் வந்தார். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை நீக்கக் கேட்க 30 நாள்தான் அவகாசம். அதைத் தாண்டிவிட்டால், ஏன் தாமதம் என்று தனியாக ஒரு மனு போட்டு ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்லி மன்றாட வேண்டும். அந்தத் தீர்ப்பை நீக்க எங்களுக்கு ஒன்றரை வருடம் ஆனது. அந்தம்மா முதல் வாய்தாவுக்கே வந்திருந்தால் அது எதுவுமே தேவைப்பட்டிருக்காது. அவருக்கும் இதே இலவச வக்கீல் கிடைத்திருப்பார், அவருக்குச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

சரி, வழக்குக்கு வருவோம். சம்மன் கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எதிருரை, அதாவது வழக்குக்கு உங்கள் எழுத்துப் பதில், போட வேண்டும். காரணம் சொன்னால் கோர்ட் அதை மொத்தம் 90 நாள் வரை நீட்டிக்கலாம். 6 நாள் போய்விட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் பக்கம் நல்ல வலு இருக்கிறது. நீங்கள் இந்துக் குடும்பம் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். மாமனார் உயில் எழுதாமல் இறந்ததால், மாமியாரும் முன்பே தவறியதால், வீடு அவருடைய மூன்று பிள்ளைகளுக்கும் சமம்: உங்கள் கணவர், அவருடைய அண்ணன், நாத்தனார். ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. உங்கள் கணவரின் அந்தப் பங்கு இப்போது உங்களுக்கும் மகளுக்கும் மகனுக்கும் சமமாக வருகிறது. ஆக, நீங்கள் அண்ணன் தயவில் இருக்கிறவர் இல்லை, அந்த வீட்டின் பங்குதாரர். பட்டாவும் வரி ரசீதும் பேர் மாறிவிட்டதாலேயே வீடு அவருடையது ஆகிவிடாது. பட்டா வருவாய்த் துறைக் கணக்கு. அதுவே சொத்துரிமையைக் கொடுத்துவிடாது என்று கோர்ட்டுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன.

வழக்குரையில் உங்கள் பிள்ளைகளைச் சேர்த்திருக்கிறாரா என்று பாருங்கள். அவர்களும் வாரிசுகள், அவர்களை விட்டுவிட்டிருந்தால் அதுவே எதிருரையில் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம். வெறுமனே காலி செய்ய மாட்டேன் என்று சொல்வதோடு நிறுத்தாமல், உங்கள் பங்கைப் பிரித்துக் கேட்பதும் நல்லது. அதை இதே வழக்கில் எதிர்க் கோரிக்கையாக வைப்பதா, நாத்தனாரையும் சேர்த்துத் தனிப் பாகப்பிரிவினை வழக்காகப் போடுவதா என்பதை உங்கள் வக்கீல் பத்திரங்களைப் பார்த்து முடிவு செய்யட்டும். தனி வழக்கென்றால் கோர்ட் கட்டணம் ஆகுமே என்று பயப்பட வேண்டாம். சட்ட உதவி என்பது வக்கீல் ஃபீஸ் மட்டும் இல்லை. கோர்ட் கட்டணம், சம்மன் அனுப்பும் செலவு, டைப்பிங், தீர்ப்பு நகல் எல்லாம் அதில் அடங்கும். அப்பீல் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போனாலும் அங்கேயும் இதற்கென்று ஒரு குழு இருக்கிறது.

இதற்கிடையில் காகிதங்களைச் சேருங்கள். மாமனார், மாமியார், கணவர் மூவரின் இறப்புச் சான்று. மாமனாருக்கும் கணவருக்கும் தனித்தனியாக வாரிசுச் சான்று, இது தாசில்தார் கொடுப்பது, இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். மாமனார் வீடு வாங்கிய கிரையப் பத்திரம் அண்ணன் கையில் இருந்தால் கவலை இல்லை, சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கிடைக்கும், வில்லங்கச் சான்றும் அங்கேயே எடுத்துவிடுங்கள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில்தான் இருக்கிறீர்கள் என்று காட்டுகிற எதுவானாலும் சரி: ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பள்ளிச் சான்று, பீடித் தொழிலாளர் அடையாள அட்டை.

இலவச வக்கீல் என்றால் அக்கறையாகப் பார்க்கமாட்டார் என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். நானும் சில வருடம் அந்தப் பட்டியலில் இருந்தவன். எல்லோரும் ஒரே மாதிரி உழைக்கிறார்கள் என்று சொல்லமாட்டேன், ஆனால் 40 ஆயிரம் வாங்குகிறவர்களிலும் அப்படித்தான். உங்களுக்கு ஒதுக்கப்பட்டவருக்கு அரசுப் பணத்திலிருந்து கட்டணம் போகிறது. உங்களிடம் பத்து ரூபாய்கூட அவர் கேட்கக் கூடாது, நீங்களாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. கேட்டால், அல்லது வாய்தாவுக்கு வராமலே இருந்தால், குழுவின் தலைவருக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள், வேறு வக்கீல் கேட்கலாம். ஒவ்வொரு வாய்தாவிலும் அடுத்த தேதியைக் கேட்டு ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எதிருரையில் கையெழுத்துப் போடும் முன் முழுதாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். வெறும் தாளில் யாருக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். ஒன்று மட்டும் கவனம், குழு கொடுத்த வக்கீல் இருக்கும்போது வெளியில் இன்னொருவரை நியமித்தால் இந்த உதவியை நிறுத்திவிடலாம்.

கடைசியாக, நாத்தனார் வீட்டுக்காரர் நீட்டுகிற பத்திரம். அது அநேகமாக விடுதலைப் பத்திரமாக இருக்கும். கையெழுத்துப் போட்டால் உங்கள் பங்கை நீங்களே விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும். பிள்ளைகளின் பங்கை, அவர்கள் மைனராக இருக்கும்வரை, கோர்ட் அனுமதியில்லாமல் விட்டுக்கொடுக்க உங்களுக்கே அதிகாரம் இல்லை. சமாதானம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அண்ணன் தம்பி குடும்பங்களுக்குள் பேசி முடிப்பது பல நேரம் நல்லதுதான். ஆனால் அந்தப் பேச்சு வக்கீலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மக்கள் நீதிமன்றத்திலோ சமரச மையத்திலோ நடக்கட்டும். மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அதனால் உங்கள் பங்குக்கு ஈடாக என்ன தருகிறார்கள், எப்போது தருகிறார்கள், அதுவரை நீங்களும் பிள்ளைகளும் எங்கே இருப்பீர்கள் என்ற மூன்றும் எழுத்தில் வந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

உங்கள் மகளுக்கு 18 முடிகிற தேதியை வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு அவர் பெயரில் நீங்கள் கையெழுத்துப் போட முடியாது, வக்கீலை நியமிக்கிற வக்காலத்தில் அவரே வந்து கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.