தண்டல் வாங்கிப் போடும் தள்ளுபடி

கேள்வி: காவேரிப்பட்டணம் அருகே ஹைவேயை ஒட்டி நானும் கணவரும் மெஸ் நடத்துகிறோம். தினம் 12,000 ரூபாய்க்கு விற்கும். போன யுகாதியிலிருந்து 15 நாள் 'வசந்த கால ஆஃபர்' என்று 25% தள்ளுபடி போட்டோம். தினமும் 15,000 விழுந்தது. ஆனால் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஃப்ளெக்ஸ், யூடியூப் வீடியோ எல்லாம் தம்பி ஏற்பாடு. ஃப்ளெக்ஸ் கடையே அவனுடையதுதான். செலவுக்குத் தண்டலில் (தினமும் வசூலிக்கும் கடன்) ஒரு லட்சம் எடுத்தோம். இந்தப் பங்குனிக்கும் போடலாம் என்கிறான். இம்முறை க்யூஆர் ஆப்பில் காட்டும் கடனை எடுக்கலாமா?

பதில்: எந்தக் கடன் என்பது அப்புறம். இந்த ஆஃபருக்குக் கடனே தேவையில்லை அம்மா.

மளிகை, கறி, கேஸ் எல்லாம் சேர்த்து மெனு விலையில் 45% போகும் என்று வைத்துக்கொள்வோம். 12,000 விற்றால் 5,400 போக 6,600 நிற்கும். தள்ளுபடியில் 15,000 வாங்க 20,000 ரூபாய்ச் சாப்பாடு பரிமாற வேண்டும். சரக்குக்கே 9,000 போய்விடும், மிச்சம் 6,000. அடுப்படியில் கூடுதலாக வெந்து, நாளுக்கு 600 குறைவாகச் சம்பாதித்திருக்கிறீர்கள். 15 நாளில் 9,000.

அதன்மேல் தண்டல். வழக்கமான கணக்குப்படி 90,000 கையில் தந்து, தினம் ஆயிரமாக 100 நாள் வாங்கியிருப்பார்கள். 10% தானே என்று தோன்றும். தினமும் அசல் கரைவதால், சராசரியாக உங்களிடம் இருந்தது 45,000 சொச்சம்தான். அதற்கு 100 நாளில் 10,000 என்றால் ஆண்டு வட்டி 75%க்கு மேல். இதே பணம் வங்கியில் 12%க்குக் கிடைத்திருந்தால் வட்டி சுமார் 1,500.

க்யூஆர் கடன் பலவும் தண்டல்காரர் சட்டை மாற்றிக்கொண்டு வந்த கதைதான். தினமும் கணக்கிலிருந்து தானாகவே பிடித்துக்கொள்வார்கள். கட்டணமெல்லாம் சேர்த்த ஆண்டு விகிதத்தைக் காட்டும் தாளைக் கடன் தருமுன் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதைப் பார்க்காமல் 'ஓகே'யை அழுத்தாதீர்கள்.

சரி, சீசனை விடவும் வேண்டாம். பங்குனி, சித்திரையில் உங்கள் வாசலைத் தாண்டும் பெங்களூர் கார்கள் ஒகேனக்கலுக்கோ ஏற்காட்டுக்கோ போகிறவை. வெயிலில் வருகிறவர் 25% குறைவா என்று பார்ப்பதில்லை; வண்டி நிறுத்த நிழல் இருக்கிறதா என்று பார்க்கிறார். ஓலைப் பந்தல், பானைத் தண்ணீர், வாசலில் ஒரு கரும்பலகை போதும். மாங்காய் உங்கள் பக்கம் மலிவு: காற்றுக்கு உதிர்ந்ததை மூட்டையாக வாங்கி மாங்காய்ச் சாதம், பச்சடி போடுங்கள். பெங்களூரா மாங்காயைக் கீறி உப்பு மிளகாய்த்தூள் தடவித் தட்டில் வைத்தால் பிள்ளைகளே அப்பாவை இழுத்து வருவார்கள். யுகாதி அன்று ஒப்பட்டு (நம்ம போளிதான்); ஓசூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் கேட்டு வாங்கும். ஞாயிறு கேழ்வரகுக் களி, நாட்டுக்கோழிக் குழம்பு, முழு விலைக்கே. 20 ரூபாய் நீர்மோர் 60 டம்ளர் போனால், செலவு போக 800 நிற்கும்.

தம்பிக்குக் கோபம் வரும். வரட்டும். ஃப்ளெக்ஸ் அடித்தே தீருவேன் என்றால் ஒன்று மட்டும் அடிக்கட்டும். பணம் சித்திரை முடிந்து, அதுவும் லாபத்திலிருந்து. போன வருஷத் தண்டலை அடைக்க மறுபடி ஒரு தண்டல் எடுத்திருந்தால், பந்தலுக்கும் முன்னால் அதைக் கட்டி முடியுங்கள்.